குரலுக்குப் பின்னால் ஒரு சுவர்

பிரான்ஸின் தெற்கே, ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் ஒராஞ்சு என்ற சிறுநகரம் இருக்கிறது. கி.பி. முதல் நூற்றாண்டில் ரோமானியர் அங்கே கட்டிய திறந்தவெளி நாடக அரங்கின் பின்சுவர் இன்றும் முழு உயரத்தோடு நிற்கிறது. நீளம் 103 மீட்டர், உயரம் 37 மீட்டர். தன் நாட்டிலேயே அழகான சுவர் இதுதான் என்று பதினான்காம் லூயி மன்னர் சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்வார்கள். மேடையில் நிற்கும் நடிகர் ஐந்தரை அடி உயரம் இருப்பார். அவருக்குப் பின்னால் பன்னிரண்டு மாடி உயரத்துக்கு எதற்கு ஒரு சுவர்?

பேரரசின் பகட்டு என்று ஒரு பதில் சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. சுவரின் நடு மாடத்திலிருந்து அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் சிலை கீழே பார்த்துக்கொண்டிருக்கிறது. ஆனால் அந்தச் சுவர் பார்ப்பதற்காக மட்டும் எழுந்ததல்ல. ரோமானிய அரங்கைக் கிரேக்க அரங்கிலிருந்து பிரிப்பது இந்தச் சுவர்தான். கூரையே இல்லாத ஓர் இடத்தைக் காதுக்கு ஏறக்குறைய ஒரு கூடமாக மாற்றியதில் பெரும்பங்கு இதற்கு உண்டு.

பழைய அரங்குகளின் ஒலியைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது காசு விழும் கதை. கிரேக்கத்தில் எபிடாரஸ் அரங்கின் நடுவே வழிகாட்டி ஒரு காசைக் கீழே போடுவார், ஒரு தாளைக் கிழிப்பார், கிசுகிசுப்பார். கடைசிப் படி வரை எல்லாம் தெளிவாகக் கேட்கும் என்பார்கள். நெதர்லாந்தின் ஐந்தோவன் தொழில்நுட்பப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எபிடாரஸ், ஆர்கோஸ், ஏதென்ஸின் ஹெரோடஸ் அட்டிகஸ் அரங்கு ஆகிய மூன்றிலும் கருவிகளோடு போய் அளந்து, 2017இல் முடிவுகளை வெளியிட்டார்கள். காசு விழுவது ஏதோ ஒரு சத்தமாகத் தொலைவிலும் காதில் படுகிறது. அது காசுதான் என்று புரிவது பாதித் தூரம் வரைதான். கிசுகிசுப்பு முன்வரிசைகளைத் தாண்டுவதில்லை. நடிகர் குரலை உயர்த்திப் பேசும்போது மட்டும் கடைசி வரிசை வரை சொல் புரிகிறது.

இந்த முடிவைக் கேட்டுப் பலர் ஏமாந்துபோனார்கள். ஆனால் எனக்கு அந்தக் கடைசி வரிதான் பெரிதாகப் படுகிறது. ஒலிபெருக்கி கிடையாது, கூரை கிடையாது. ஆயிரக்கணக்கானவர்கள் அமர்ந்திருக்கும் வெளியில் ஒரே ஒரு மனிதரின் குரல் கடைசி ஆள் வரை சொல் சொல்லாகப் போய்ச் சேர்ந்தது. இது எத்தனை கடினம் என்று தெரிந்துகொள்ள ஒரு சிறு கணக்குப் போதும்.

திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்காகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறைகிறது. ஒரு மீட்டர் தொலைவில் சாதாரணப் பேச்சின் அளவு ஏறத்தாழ 60 டெசிபல். இரண்டு மீட்டரில் 54, நான்கில் 48 என்று இறங்கிக்கொண்டே போய் 64 மீட்டரில் 24 டெசிபல்தான் மிஞ்சும். ஆளரவமற்ற நாட்டுப்புறத்தில் இலை அசைவும் பூச்சிச் சத்தமும் சேர்ந்தாலே அதற்கு மேல் வந்துவிடும். பயிற்சி பெற்ற நடிகர் நெஞ்சிலிருந்து குரலெடுத்தால் இன்னும் 15 டெசிபல் கூடும். அவ்வளவுதான் மனித உடம்பால் முடிந்தது. மீதியைக் கட்டடம்தான் கொடுக்க வேண்டும்.

கட்டடம் ஒலியைப் புதிதாக உண்டாக்காது. வீணாய்ப் போகிற ஒலியைப் பிடித்துத் திருப்பி அனுப்பத்தான் அதனால் முடியும். நடிகரின் வாயிலிருந்து கிளம்பும் ஒலியில் ஒரு பங்கு நேராகப் பார்வையாளரிடம் போகிறது. இன்னொரு பங்கு மேடைக்கு முன்னால் கல் பாவிய அரைவட்டத் தளத்தில் பட்டு மேலேறுகிறது. மூன்றாவது பங்கு பின்சுவரில் மோதித் திரும்புகிறது. மூன்றும் ஏறக்குறைய ஒரே வலுவில் வந்து சேர்ந்தால் மொத்தத்தில் கிட்டத்தட்ட 5 டெசிபல் கூடும். எண்ணாகப் பார்த்தால் சிறிதுதான். ஆனால் குரலும் இரைச்சலும் சமமாகப் போட்டியிடும் எல்லையில் அந்த 5 டெசிபல்தான் ஒரு வாக்கியம் புரிவதையும் புரியாமல் போவதையும் தீர்மானிக்கிறது.

திரும்பி வரும் ஒலிக்கு நேரக் கட்டுப்பாடும் உண்டு. நேர் ஒலி வந்த பிறகு ஒரு வினாடியில் இருபதில் ஒரு பங்குக்குள், அதாவது 50 மில்லி வினாடிக்குள், வருகிற பிரதிபலிப்பை நம் காது தனியாகக் கேட்பதில்லை. முதல் ஒலியோடு சேர்த்து அதை இன்னும் வலுவான ஒரே ஒலியாக எடுத்துக்கொள்கிறது. அதற்குப் பின் வருவது பேச்சைக் கெடுக்கத் தொடங்குகிறது. ஒலியின் வேகம் வினாடிக்கு 340 மீட்டர். ஆகவே 50 மில்லி வினாடி என்பது 17 மீட்டர் கூடுதல் பாதை. சுவருக்கு 4 மீட்டர் முன்னால் நிற்கும் நடிகரின் குரல் பின்னால் போய்த் திரும்ப 8 மீட்டர் அதிகம் பயணிக்கிறது. 24 மில்லி வினாடிதான் தாமதம். ரோமானிய மேடைகள் ஆழம் குறைந்தவை. அதில் நடிகர் எங்கே நின்றாலும் பின்சுவர் அவருக்குத் துணையாகத்தான் இருக்கும்.

கிரேக்க அரங்கில் இப்படியொரு சுவர் கிடையாது. மலைச்சரிவில் செதுக்கிய படிகள், கீழே வட்டமான ஆட்டக்களம், அதற்குப் பின்னால் தாழ்வான ஒரு மேடைக் கட்டடம், அதையும் தாண்டி வயல்வெளியும் வானமும். படிவரிசைக்கும் மேடைக் கட்டடத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் நுழைவழிகள் திறந்து கிடக்கும். ரோமானியர் அந்த இடைவெளிகளை வளைவுக் கூரை போட்டு மூடினார்கள். வட்டத்தை அரைவட்டமாக்கினார்கள். மேடைக் கட்டடத்தை உயர்த்திப் படிவரிசையோடு இணைத்தார்கள். கான்கிரீட்டும் வளைவுகளும் கைவந்ததால் மலையைத் தேடிப் போகாமல் சமதரையிலேயே இத்தனையையும் எழுப்ப முடிந்தது. ரோம் நகரின் முதல் நிரந்தரக் கல் அரங்கைத் தளபதி பாம்பேயஸ் கட்டித் திறந்தது கி.மு. 55இல். மார்செல்லஸ் பெயரிலான அரங்கு அரை நூற்றாண்டுக்குள் வந்துவிட்டது. அதற்குப் பிறகு பேரரசு போன இடமெல்லாம் அரங்கு போனது: ஸ்பெயினில் மெரிடா, லிபியாவில் சப்ராத்தா, சிரியாவில் கருங்கல்லால் ஆன போஸ்ரா, ஜோர்டானில் ஜெராஷ், துருக்கியில் ஆஸ்பெண்டஸ்.

இவற்றுக்கெல்லாம் இலக்கணம் எழுதியவர் விட்ருவியஸ். சீசரின் படையில் கல்லெறி பொறிகளைக் கவனித்துக்கொண்ட பொறியாளர். கி.மு. முதல் நூற்றாண்டின் பிற்பகுதியில் கட்டடக்கலை பற்றிப் பத்துப் பகுதிகள் கொண்ட நூலை எழுதி அகஸ்டஸுக்குக் காணிக்கையாக்கினார். அதன் ஐந்தாம் பகுதியில் அரங்கைப் பற்றி அவர் எழுதியிருப்பதைப் படிக்கும்போது, காதால் கட்டடம் கட்டிய ஒருவரின் அருகில் உட்கார்ந்திருக்கிற உணர்வு வருகிறது. நீரில் கல் விழுந்தால் வட்ட அலைகள் பரவுவது போலக் குரலும் பரவுகிறது என்கிறார். உடனே ஒரு திருத்தமும் சொல்கிறார்: நீரின் அலை தளத்தில் மட்டும் பரவும், குரலோ பக்கவாட்டில் பரவுவதோடு படிப்படியாக மேலேயும் ஏறும். ஒலியை அளக்க எந்தக் கருவியும் இல்லாத காலத்தில் எழுதியது இது.

அந்த ஏறும் அலை எங்கும் தடுக்கப்படக் கூடாது என்பதுதான் அவருடைய முதல் விதி. அடிப்படியிலிருந்து உச்சிப்படி வரை ஒரு கயிற்றை இழுத்துக் கட்டினால் அது எல்லாப் படிகளின் முனையையும் தொட வேண்டும். எந்தப் படியும் துருத்தி நின்று பின்னால் இருப்பவரின் குரலைத் திருடக் கூடாது. இதற்கு இயற்பியல் காரணம் இருக்கிறது. மனிதத் தலைகளை உரசிக்கொண்டு கிடைமட்டமாகப் போகும் ஒலியை உடைகளும் உடல்களும் வேகமாக உறிஞ்சிவிடும். சரிவு கூடினால் ஒவ்வொருவருக்கும் மேடை முழுதாகத் தெரியும். கண்ணுக்கு நேராகத் தெரிவது காதுக்கும் நேராகக் கேட்கும்.

இரண்டாவது விதி அந்தச் சுவரைப் பற்றியது. படிவரிசையின் உச்சியில் பின்னால் ஓடும் தூண் மண்டபத்தின் கூரையும் மேடைச் சுவரின் உச்சியும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும் என்கிறார் விட்ருவியஸ். மண்டபம் தாழ்ந்திருந்தால் அந்த உயரத்தை எட்டியவுடன் குரல் காற்றில் கலந்து போய்விடுமாம். ஆஸ்பெண்டஸில் இந்த விதி கல்லாகி நிற்பதைப் பார்க்கலாம். மார்க்கஸ் அரேலியஸ் ஆட்சியில், கி.பி. இரண்டாம் நூற்றாண்டில், தியோடோரஸின் மகன் ஸீனோ கட்டிய அரங்கு அது. சுவரும் உச்சி மண்டபமும் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. உள்ளே நின்றால் சுற்றிலும் கல், மேலே மட்டும் வானம்.

விட்ருவியஸிடம் எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னொன்று. அரங்குக்கு இடம் தேர்ந்தெடுப்பதைச் சொல்லும்போது நிலங்களை அவற்றின் ஒலியை வைத்து நான்காகப் பிரிக்கிறார். சில இடங்களில் எழும் குரல் மேலே எதிலோ மோதிக் கீழே அமுங்கி, அடுத்து வரும் குரலையும் அமுக்கிவிடும். சில இடங்களில் குரல் சுற்றி அலைந்து நடுவிலேயே கலைந்துவிடும். சில இடங்களில் மோதித் திரும்பி, சொற்களின் கடைசி அசையை இரண்டு முறை ஒலிக்கச் செய்யும். நான்காவது வகையில்தான் குரல் கீழிருந்து தாங்கப்பட்டு, வலுத்து ஏறி, தெளிவான சொல்லாகக் காதை அடையும். மூன்றாவதற்கு அவர் ஏன் அத்தனை அஞ்சுகிறார் என்பது லத்தீனின் அமைப்பைப் பார்த்தால் விளங்கும். யார் செய்தார், யாருக்குச் செய்தார், எப்போது செய்தார் என்பதெல்லாம் அந்த மொழியில் சொல்லின் கடைசியில்தான் ஒட்டிக்கொண்டிருக்கும். வந்தானும் வந்தாளும் இறுதி எழுத்தில் மட்டும் பிரிகிற மொழியைப் பேசும் நமக்கு, கடைசி அசை எதிரொலியில் கரைந்தால் ஒரு காட்சியே என்னவாகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

எதிரொலியின் ஆபத்து ரோமானிய அரங்கிலேயே பொதிந்திருந்தது. உட்குழிந்த அரைவட்டம் ஒலியைத் தன் மையத்துக்கே திருப்பி அனுப்பும். இன்றைக்கும் இப்படிப்பட்ட அரங்குகளின் நடுப்புள்ளியில் நின்று பேசினால் நம் குரல் சட்டென்று தடித்துக் கேட்கும். ஓரடி விலகினால் அது மறைந்துவிடும். ஆஸ்பெண்டஸின் விட்டம் ஏறத்தாழ 96 மீட்டர். மேடையிலிருந்து போன குரல் பின்மண்டபச் சுவரில் பட்டுத் திரும்பக் கால் வினாடிக்கு மேலாகும். தட்டையான வழவழப்பான சுவர்களாக இருந்திருந்தால் ஒவ்வொரு வசனமும் இரண்டு முறை கேட்டிருக்கும். ஆனால் பின்மண்டபத்தில் தூண்கள் நிற்கின்றன. படிகளில் ஆட்கள் அமர்ந்திருப்பார்கள். மேடைச் சுவரிலோ இரண்டு மூன்று அடுக்குத் தூண்கள், மாடங்கள், சிலைகள், முன்னால் நீண்டும் உள்ளே வாங்கியும் போகும் விதானங்கள். அரை மீட்டர், ஒரு மீட்டர் அளவிலான இந்த மேடுபள்ளங்கள், சொல் தெளிவுக்கு உயிரான 500 ஹெர்ட்ஸுக்கு மேற்பட்ட ஒலியைப் பல திசையிலும் சிதறடிக்கின்றன. ஒரே கூர்மையான எதிரொலிக்குப் பதிலாக மெல்லிய பல பிரதிபலிப்புகள் வருகின்றன. இன்றைய இசையரங்குகளின் சுவர்களில் மரக்கட்டைகளை ஏற்றத்தாழ்வாகப் பதிப்பதும் இதே வேலைக்குத்தான். ஒராஞ்சின் சுவர் இன்று பெரும்பாலான தூண்களை இழந்து வெறுமையாக நிற்கிறது. அங்கே நாம் கேட்பது ரோமானியர் கேட்ட ஒலி அல்ல.

படிகளுக்கும் தனிக் குணம் உண்டு. 1693இல் டச்சு அறிஞர் ஹைகன்ஸ், பிரான்ஸின் ஷாந்தியி மாளிகைத் தோட்டத்தில் நீரூற்றின் இரைச்சலைக் கேட்டுக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த கல் படிக்கட்டின் முன் நின்றபோது அந்த இரைச்சலுக்குள் ஒரு சுருதி கேட்டது. ஒவ்வொரு படியும் ஒலியைச் சற்றே தாமதித்துத் திருப்புகிறது, சீரான அந்தத் தாமதங்கள் சேர்ந்து ஒரு ஸ்வரமாகின்றன என்று கண்டுகொண்டார். படியின் அகலத்துக்குத் தாளைச் சுருட்டிக் குழலாக்கி ஊதிப் பார்த்தார்; அதே சுருதி. குளிர்காலத்தில் பனி படிகளை மூடியபோது அது மறைந்துவிட்டது. அரங்கின் வெற்றுப் படிகளுக்கு முன் கை தட்டினால் திரும்பி வரும் விசித்திரமான கீச்சொலி இதன் நெருங்கிய உறவுதான். எபிடாரஸின் படிகளை ஆராய்ந்த ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தினர் 2007இல் இன்னொன்றைச் சொன்னார்கள்: படிவரிசை ஒரு வடிகட்டியாகி 500 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை மங்கச் செய்கிறது. காற்றின் உறுமலும் கூட்டத்தின் முணுமுணுப்பும் அந்தக் கீழ்ப்பகுதியில்தான் அதிகம். மனிதக் குரலின் அடிச்சுருதியும் அங்கேதான் இருக்கிறது. ஆனால் மேல்சுருதிகள் வந்து சேர்ந்தால் விடுபட்ட அடிச்சுருதியை மூளை தானே நிரப்பிக்கொள்ளும்.

இவை எல்லாம் வெற்று அரங்கின் சங்கதிகள் என்பதையும் மறக்கக் கூடாது. ரோமானியர் நாடகம் பார்த்தது பகலில், நெருக்கியடித்து உட்கார்ந்து. மனித உடல் கல்லைவிடப் பல மடங்கு ஒலியை உறிஞ்சும். வெயிலைத் தடுக்க மேலே துணிப்பந்தல் இழுத்துக் கட்டியிருப்பார்கள். பந்தல் உண்டு என்று பாம்பெய் நகரச் சுவர்களில் விளம்பரமே எழுதியிருக்கிறது. அந்தப் பந்தல் வெயிலோடு ஒலிக்கும் ஓரளவு வேலை செய்தது. சூடேறிய கல்லுக்கு மேலே வெப்பக் காற்றும் அதற்கு மேலே குளிர்ந்த காற்றும் இருந்தால் ஒலி வானத்தை நோக்கி வளைந்துவிடும். நிழல் விழுந்தால் அந்த வளைவு குறையும்.

கூட்டம் அமைதியாகவும் இருக்காது. நாடக ஆசிரியர் டெரன்ஸின் ‘மாமியார்’ நாடகம் கி.மு. 165இல் முதன்முதலாக மேடையேறியபோது, பக்கத்தில் கயிற்றில் நடப்பவனும் குத்துச்சண்டையும் இருப்பதாகச் செய்தி பரவி ஆட்டமே கலைந்தது. கவிஞர் ஹோரஸ் அகஸ்டஸுக்கு எழுதிய கடிதத்தில், நம் அரங்குகளின் இரைச்சலை மீறும் குரல் எது என்று நொந்துகொள்கிறார். கி.மு. 22 வாக்கில் ரோமில் பிலாடஸ், பாத்திலஸ் என்ற இருவர் புதுவகை ஆட்டமொன்றைப் புகழுக்குக் கொண்டுவந்தார்கள். முகமூடியணிந்த ஒரே ஆட்டக்காரர் வாய் திறவாமல் உடம்பால் கதை சொல்வார். பின்னால் பாடகர் குழுவும் குழல்களும் காலால் மிதித்துத் தாளமிடும் கட்டைகளும் ஒலிக்கும். அடுத்த சில நூற்றாண்டுகள் ரோமானிய அரங்கை ஆண்டது இந்தக் கலைதான்.

உயர்ந்த சுவர் ஏன் ரோமானியருக்குப் பொருந்தியது என்பதற்கு இங்கே ஒரு விடை இருப்பதாக நினைக்கிறேன். 2003 முதல் 2006 வரை ஐரோப்பிய ஒன்றிய நிதியில் நடந்த ‘எராட்டோ’ என்ற ஆய்வுத் திட்டத்தில் டென்மார்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தினரும் கூட்டாளிகளும் ஆஸ்பெண்டஸிலும் ஜெராஷிலும் அளவெடுத்தார்கள். இடிந்துபோன பகுதிகளைக் கணினியில் மீண்டும் கட்டி அவற்றின் ஒலியையும் கணக்கிட்டார்கள். ஓர் இடத்தில் ஒலி நின்ற பிறகும் அதன் முழக்கம் எத்தனை நேரம் தங்குகிறது என்பதை எதிர்முழக்க நேரம் என்பார்கள். கூரையில்லாத இடத்தில் அது மிகக் குறைவாக இருக்கும் என்றுதான் யாரும் எதிர்பார்ப்போம். ஆஸ்பெண்டஸில் அது ஒன்றரை வினாடியைத் தாண்டியது. பேச்சு நாடகக் கூடங்களுக்கு ஒரு வினாடி போதும். பெரிய இசையரங்குகளில் இரண்டு வினாடி இருக்கும். கூரை இல்லாமலேயே ரோமானிய அரங்கு இசையரங்கின் பக்கம் நகர்ந்திருக்கிறது. ஒலியின் வலு என்னவோ கூரையுள்ள கூடத்தைவிடக் குறைவுதான், மேலே போனது திரும்புவதில்லையே. ஆனாலும் கல் தளத்துக்கும் சுவருக்கும் படிகளுக்கும் மண்டபத்துக்கும் இடையே அலைந்த பங்கு பாட்டுக்கும் குழலுக்கும் ஒரு கார்வையைக் கொடுத்தது. வசனத்தின் கூர்மையில் கொஞ்சத்தை விட்டுக்கொடுத்து இசையின் நிறைவை வாங்கிக்கொண்ட கட்டடம் என்று இதைப் பார்க்கிறேன்.

விட்ருவியஸ் சொல்லும் வெண்கலக் கலங்களும் அந்த நிறைவைத் தேடியவைதான். படிகளுக்கு நடுவே மாடங்கள் அமைத்து, சுருதி சேர்த்த கலங்களை அவற்றில் கவிழ்த்து, சுவரில் படாமல் முன்பக்கம் அரையடி ஆப்பு கொடுத்து நிறுத்தச் சொல்கிறார். சிறிய அரங்கானால் பாதி உயரத்தில் ஒரே வரிசையாகப் 13 மாடங்கள், பெரிய அரங்கானால் மூன்று வரிசைகள். கி.மு. 146இல் கொரிந்து நகரை அழித்த தளபதி மும்மியஸ் அங்கிருந்த கலங்களை ரோமுக்குக் கொண்டுவந்து நிலாத் தெய்வத்தின் கோயிலில் வைத்தார் என்றும் எழுதுகிறார். காசில்லாத ஊர்கள் மண்பானையை வைத்துக்கொண்டனவாம். இஸ்ரேலின் பெய்த் ஷியான் அரங்கில் இதற்கானவை என்று கருதப்படும் சிற்றறைகள் இருக்கின்றன.

கலங்கள் குரலைப் பெருக்கியிருக்குமா? பெருக்கியிருக்க முடியாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இயற்பியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் விளக்கியபடி, ஒரு குடுவை தன் சுருதியோடு ஒத்த ஒலியை மட்டும் வாங்கிக்கொண்டு மெதுவாகத் திருப்பித் தரும். வாங்கியதைவிட அதிகமாகத் தர அதனால் ஆகாது. பாடகர் அந்த ஸ்வரத்தைத் தொடும்போது அருகில் அமர்ந்தவருக்கு அது சற்றே நீடித்து ஒலித்திருக்கலாம். ரோமில் மட்டும் இந்தக் கலங்கள் ஏன் இல்லை என்பதற்கு விட்ருவியஸ் தரும் காரணமும் கவனிக்கத்தக்கது. அங்கே ஆண்டுதோறும் எழுந்த அரங்குகள் மரத்தால் ஆனவை, பலகைகளே ஒலிக்கும் என்கிறார். குரலை உயர்த்த வேண்டிய இடத்தில் பாடகர்கள் மேடையின் மரக் கதவுகளை நோக்கித் திரும்பி நின்று பாடுவார்களாம். தாங்கிப் பிடிக்கும் ஒரு பரப்பு தன் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று எந்த ஏட்டையும் படிக்காமல் அந்தப் பாடகர்கள் அறிந்திருந்தார்கள்.

கூரையும் வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் இசைக்கென்று சிறிய அரங்குகள் கட்டிப் பார்த்தார்கள். ஏதென்ஸில் அகஸ்டஸின் மருமகன் அக்ரிப்பா கட்டிய கூடத்துக்கு நடுவில் தூணே இல்லாமல் 25 மீட்டர் அகலக் கூரை. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் அது இடிந்து விழுந்தது. திரும்பக் கட்டியவர்கள் குறுக்கே சுவர் வைத்துக் கூடத்தைச் சுருக்கிக்கொண்டார்கள். மரத்தால் தாண்டக்கூடிய தூரத்துக்கு ஓர் எல்லை இருந்தது. பத்தாயிரம் பேரை நோக்கிப் பேச வேண்டியவர்களுக்கு அதனால் சுவர்தான் வழி.

ஒராஞ்சில் 1869இல் தொடங்கிய இசைவிழாவில் இன்றும் கோடைதோறும் ஓபரா நடக்கிறது. 2006இல் மேடைக்கு மேலே, பழைய மேடைக் கூரை இருந்த இடத்தில், சுவரை மழையிலிருந்து காக்க எஃகும் கண்ணாடியும் கொண்ட கூரை போட்டார்கள். அரங்கு தெற்கே ஒரு குன்றின் மேல் சாய்ந்திருக்கிறது, சுவரின் வெளிமுகம் வடக்கைப் பார்க்கிறது. அந்தப் பள்ளத்தாக்கில் வடக்கிலிருந்து வீசும் மிஸ்ட்ரல் என்ற கடுங்காற்றை அதுதான் முதலில் வாங்கிக்கொள்கிறது. காற்று மிஞ்சி உள்ளே இறங்கும் இரவுகளில் வாத்தியக்காரர்கள் இசைத்தாள்களைக் கவ்விகள் போட்டு இறுக்கிக்கொள்கிறார்கள். பாடகர்கள் சுவரை விட்டு முன்னால் வரத் தயங்குகிறார்கள்.